சந்திக் கதையும் சாட்சியமும்

ராஜபக்ச குடும்பம் உகண்டாவில காசு பதுக்கினது உண்மைதானே? எங்கட சந்தியில எல்லாரும் அதைத்தான் கதைக்கினம்!
(வாசகர், உடுப்பிட்டி)

சந்தியில் கதைத்தால் சாட்சியாகுமா? 2021இல் ஸ்ரீலங்கன் விமானங்கள் உகண்டாவின் என்டபேக்கு ஏற்றிப்போனது 102 மெட்ரிக் தொன் அச்சிட்ட தாள். பியகமையில் உள்ள தெ லா ரூ அச்சகம் வெளிநாடுகளுக்கு அடித்துக் கொடுத்த நோட்டு அது என்று பிறகு விளக்கம் வந்தது. உகண்டா வரை ஏன் போகிறீர்கள்? கொழும்பிலேயே தீர்ப்பு இருக்கிறதே! பொருளாதார நெருக்கடிக்குக் கோட்டாபய, மகிந்த, பசில் உள்ளிட்டோர் பொறுப்பு, பொதுநம்பிக்கையை மீறிவிட்டார்கள் என்று 2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் சொன்னது. அது அடிப்படை உரிமை வழக்கு, களவு வழக்கல்ல. ஆனால் மண்ணெண்ணெய்க் கானைக் கயிற்றில் கட்டி, விடியும்வரை வரிசையில் வைத்துக் காத்திருந்த ஒவ்வொருவருக்கும் அந்தத் தீர்ப்பு சொந்தம்.

தம்பி குற்றவாளி எண்டால் அண்ணனும்தானே?

பரம்பரைக்கு வருவது சொத்து. குற்றம் வராது.

அப்ப லசந்தவைக் கொன்றது ஆர்?

லசந்த, மிக் விமானக் கொள்வனவை அம்பலப்படுத்திய பத்திரிகை ஆசிரியர். 2009 ஜனவரி 8, வேலைக்குப் போகிற வழியில் அத்திடியவில் தாக்கப்பட்டார். மகள் அகிம்சா கோட்டாபய மீது கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார். கோட்டாபய குற்றச்சாட்டை மறுத்தார். அரச அதிகாரிக்குரிய விலக்குரிமையைக் காட்டி 2019இல் வழக்கு தள்ளுபடியானது. கொலையை அங்கே யாரும் விசாரிக்கவேயில்லை. பெயரை ஊகித்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை, விசாரணை கேட்க உங்களுக்கும் எனக்கும் உண்டு. இங்கே 2016இல் லசந்தவின் உடலைத் தோண்டியெடுத்து மறுபடி பரிசோதித்தார்கள். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.