உள்ளங்கையில் ஒரு சுரங்கம்

சுரங்கம் என்றதும் கோலாரை நினைத்துக்கொள்ள வேண்டாம். ‘பிட்ஆக்ஸ் காமா’ என்ற பிட்காயின் சுரங்கக் கருவி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்: ஒரே ஒரு சில்லு, அதன் தலையில் ஓயாமல் முனகும் ஒரு விசிறி, ஒரு குட்டித் திரை. வைஃபை கடவுச்சொல்லையும் பிட்காயின் முகவரியையும் கொடுத்தால் போதும், பரிசுக்குரிய எண்ணை நொடிக்குச் சுமார் 1.2 லட்சம் கோடி முறை ஊகிக்க ஆரம்பித்துவிடும்.

மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 2025இல் உலகச் சுரங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஊகித்த வேகம் இதைப்போல் 80 கோடி மடங்கைத் தொட்டது. சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருவர் வெல்லும் பந்தயம் இது. நம்மவர் முறை வர சராசரியாக 15,000 ஆண்டுகள் பிடிக்கும். தெய்வம் கொடுத்தால் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்குமாம். நாம் கூரைக்கு வைஃபை வைத்திருக்கிறோம்.

திரையில் ‘இதுவரை சிறந்த முயற்சி’ என்று ஓர் எண். நூறு கோடி, இருநூறு கோடி என்று அது ஏறினால் வீடே எட்டிப் பார்க்கிறது. வெல்லத் தேவைப்படுவதோ 100 லட்சம் கோடிக்கும் மேல் (இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை).

தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003இலேயே தடை. இது சீட்டு அல்லவே, மாதம் 13 யூனிட் மின்சாரம் குடிக்கும் விஞ்ஞானம்! மத்திய அரசுதான் முன்யோசனைக்காரர்: பரிசாக விழும் 3.125 பிட்காயினை விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி. பதினைந்தாயிரம் ஆண்டு மின்கட்டணத்தைச் செலவாகக் கழிக்க முடியுமா என்றால், முடியாது.