ஒற்றைப் பயணியும் இரட்டைக் கட்டிலும்: போளூர் வட்டாரத்து டூர்காரர் முறைமை பற்றிய ஓர் ஆய்வு

அறுபதைக் கடந்த ஒருவர், கணவனோ மனைவியோ பிள்ளையோ உடன் வராத நிலையில், டூர் ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டித் தொலைதூரத் தலங்களுக்குச் சென்றுவரும் வழக்கம் போளூரிலும் ஆரணியை ஒட்டிய பட்டு நெசவு ஊர்களிலும் நிலைபெற்ற ஒன்றாயினும், அதன் உள்ளிலக்கணத்தின்மீது அறிஞர் உலகம் உரிய கவனம் செலுத்தினதாகத் தெரியவில்லை. இக்கட்டுரையில் 'ஒற்றைப் பயணி' என்பது மேற்சொன்ன மூத்தவரைக் குறிக்கும். 'டூர்காரர்' என்பது நோட்டீஸ் அச்சிட்டு, அட்வான்ஸ் வாங்கி, வண்டி அமர்த்தி, சமையல்காரரையும் உடன் அழைத்துக்கொண்டு, போகும்போது எண்ணிய தலைகளைத் திரும்பும்போதும் எண்ணி ஒப்படைப்பவரைக் குறிக்கும். பேருந்து நிலையத்தருகே கணினி வைத்து டிக்கெட் மட்டும் எடுத்துத் தருபவர் வேறு இனத்தவராதலின் இங்கு விலக்கப்படுகிறார்.

டூர்காரர் ஏன் தேவைப்படுகிறார் என்னும் வினாவுக்கு, வழி தெரியாமையே காரணம் என்று விடையளிப்பது மேலோட்டமானது. போளூர், காட்பாடி – விழுப்புரம் ரயில் பாதையில் அமைந்த ஊர். காசிக்குச் செல்பவர் காட்பாடியிலோ சென்னையிலோ வண்டி மாற வேண்டும் என்பதை அங்குள்ள எவரும் அறிவர். மேலும், நாற்பது ஆண்டு தறியில் உட்கார்ந்து, பாவும் கூலியும் குறித்து முதலாளியிடம் வாதாடி வென்ற ஒருவருக்கு, ரயில் நிலைய அதிகாரியிடம் நடைமேடை எண்ணைக் கேட்டறிவது இயலாத செயலன்று. உண்மைக் காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. பயணம் என்ற பேச்சு எழுந்தவுடன், சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் மகன் தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வி "கூட யாருப்பா வர்றாங்க?" என்பதாகும், டூர்காரர் கொடுக்கும் ரசீது அக்கேள்விக்கான எழுத்துபூர்வமான பதிலாகும். ஆகவே கட்டணத்தின் ஒரு பகுதி தந்தையின் பயணத்துக்கும், மறுபகுதி மகனின் தூக்கத்துக்கும் செலுத்தப்படுவதாகக் கொள்வதே பொருந்தும்.

இத்தொழிலின் வரலாறு முழுவதும் கூட்டத்தின் வரலாறாகவே உள்ளது. 1830 மே மாதத்தில் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டு அப்பயணத்தைத் தெலுங்கில் பதிவு செய்த ஏனுகுல வீராசாமி, குடும்பத்தாரும் பணியாட்களுமாகப் பெரும் பரிவாரத்துடன் சென்றார். இங்கிலாந்தில் 1841 ஜூலை 5 அன்று, மதுவிலக்குக் கூட்டத்துக்காகத் தாமஸ் குக் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஏறத்தாழ 500 பேரை, தலைக்கு ஒரு ஷில்லிங் வீதம், ரயிலில் அழைத்துச் சென்றதே நவீன டூர் தொழிலின் தொடக்கங்களுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. காசி, கயை ஆகிய தலங்களில் தலைமுறை தலைமுறையாகப் பேரேடு வைத்திருக்கும் பண்டாக்களும், வந்தவரை ஊர், குலம், தந்தை, பாட்டன் என்னும் வரிசையில் பதிந்தனரேயன்றித் தனியாளாக நோக்கவில்லை. இவ்வாறு பெருக்கல் கணக்கிலேயே வளர்ந்த தொழிலுக்கு ஒன்று என்னும் எண் இன்றுவரை பிடிபடவில்லை.

இதன் விளைவு தங்குமிடத்தில் வெளிப்படுகிறது. விடுதி அறை இருவருக்கென்றே வாடகைக்கு விடப்படுவதால், நோட்டீஸில் அச்சிடப்படும் தொகையும் அறையை இருவர் பங்கிட்டுக்கொள்வதாகக் கருதியே கணக்கிடப்படுகிறது; தனி அறை வேண்டுபவர் காலியாகக் கிடக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். பெரும்பாலோர் இதற்கு உடன்படாததால், டூர்காரர் முன்பின் அறியாத இருவரை ஓரறையில் சேர்த்துவைக்கும் பொறுப்பை ஏற்று, கல்யாணத் தரகர் ஆகிவிடுகிறார்.

தரகர் பார்ப்பது பத்துப் பொருத்தமெனில், இவர் பார்க்கும் பொருத்தங்கள் அவற்றினும் நுட்பமானவை. மின்விசிறி ஐந்தில் ஓடினாலொழியத் தூங்காதவரை, இரண்டுக்கு மேல் ஓடினால் சளி பிடிப்பவரோடு சேர்க்கலாகாது. விடியற்காலை நான்கு மணிக்கு விளக்கைப் போட்டுக் குளித்து உரக்கத் தோத்திரம் சொல்பவருக்கு, அதே வழக்கமுடையவரோ காது மந்தமானவரோ மட்டுமே ஏற்றவர். முழங்கால் வலியுடையோர் இருவர் சேருமிடத்தில் வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள அறை ஒன்றே போதுமாகையால், அது உத்தமப் பொருத்தம் எனப்படும். இவை எல்லாவற்றுக்கும் மேலானது குறட்டை. ரஜ்ஜு தட்டினால் கல்யாணம் இல்லை என்பதுபோலக் குறட்டை தட்டினால் அறை இல்லை. ஆயினும் இதில் சான்று திரட்டுவது கடினம். ஏனெனில் கேட்கப்பட்ட ஒவ்வொருவரும் தமக்குக் குறட்டை இல்லையென்றே உறுதி கூறுவர், அவர்கள் பொய்யர்களும் அல்லர், நிகழ்ச்சியின்போது அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தனர். பெண்கள் மூவராக ஓரறையில் தங்க எளிதில் இசைவதால் அவர்களிடையே சிக்கல் குறைவு. ஆண்களில் ஒற்றைப்படையாக மிஞ்சுபவர் டூர்காரரின் அறைக்கே வந்து சேர்வதால், பொருத்தம் பார்ப்பதில் அவர் காட்டும் அக்கறை தன்னலம் கலந்ததே.

விடுதி இவ்வாறிருக்க, ரயில்வேயின் நிலைப்பாடு நேர்மாறானது. மூத்த குடிமக்களில் ஆண்களுக்கு 40 விழுக்காடும் பெண்களுக்கு 50 விழுக்காடும் அளித்துவந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச் 20 முதல் நிறுத்திக்கொண்ட அத்துறை, கீழ்ப் படுக்கை ஒதுக்கீட்டை மட்டும் விட்டுவைத்தது. 60 வயதைத் தொட்ட ஆணும் 45 வயதைத் தொட்ட பெண்ணும், தனியாகவோ அத்தகுதியுடைய இருவராகவோ ஒரே டிக்கெட்டில் சென்றால் இவ்வொதுக்கீட்டுக்கு உரியவர். மூத்தவர் இருவருக்கு மேற்பட்டாலோ, உடன் வருபவர் இளையவரானாலோ உரிமை போய்விடும். துணைக்கு வருகிறேன் என்று பாசத்தோடு கிளம்பும் மகன், அப்பாவின் லோயர் பெர்த்துக்கே உலை வைக்கிறான் என்பது இதன் உட்பொருள். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தே முதுமை எய்தியவரை மேல் படுக்கைக்கு ஏற்றுவது யாவர்க்கும் துன்பம். எனவே, தொழில் தேர்ந்த டூர்காரர், முன்பதிவு 60 நாள் முன்னதாகத் திறக்கும் காலையில் (2024 நவம்பருக்கு முன் இது 120 நாள்), ஒரு படிவத்தில் ஆறு பேரை எழுத இடமிருந்தும், தம் கூட்டத்தை ஒருவர் இருவராகப் பிரித்தே எழுதுகிறார். ரயிலில் பிரிப்பதும் அறையில் சேர்ப்பதுமே இவர் கலையின் சாரம்.

அரசும் இத்துறையில் இறங்கியுள்ளமை குறிக்கத்தக்கது. இந்து சமய அறநிலையத்துறை இராமேசுவரம் – காசி ஆன்மிகப் பயணத்துக்கு 2022-23இல் 200 பேரையும், 2023-24இல் 300 பேரையும், அடுத்த ஆண்டில் 420 பேரையும் அழைத்துச் சென்றது. ஆனால் வயது 60க்கும் 70க்கும் இடைப்பட்டிருத்தல் வேண்டும் என்பது விதி. எழுபத்தொன்றாம் வயதில் ஆசை குறைவதாக எந்த விதியும் இல்லாமையால், அவ்வயதினர் டூர்காரரிடமே திரும்புகின்றனர்.

எஞ்சியது ஒரு முறையியல் சிக்கல். பொருத்தம் சரியாக அமைந்த இருவர், மறு ஆண்டு நோட்டீஸ் வெளியானதும், "நாங்க ரெண்டு பேரு, ஒரே ரூம்" என்று சேர்ந்தே வந்து அட்வான்ஸ் கட்டுவதுண்டு. இவர்கள் ஒற்றைப் பயணி என்னும் வரையறைக்குள் அடங்காதவர்கள் ஆதலின், இக்கட்டுரையின் எல்லைக்குப் புறம்பானவர்கள்.