ஊர்வசிக்கு வெள்ளைக்கார முத்திரை

ஜூன் 21 வந்தால் புதுச்சேரியில் பிரெஞ்சு பாணி இசைத் திருவிழா. புரியாத பாட்டுக்கும் பவ்யமாகத் தலையாட்டுவோம். பெரிய வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பகுதிக்கு வந்தாலோ, ஆட்டோவில் ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த 1994-இன் ‘காதலன்’ படப் பாட்டுகள் அலறும்.

என் தீர்ப்பு: ‘முக்காலா’ இன்றும் தாங்குகிறது, மனோ, ஸ்வர்ணலதா புண்ணியம். ‘பேட்டை ராப்’ பாட்டா, பட்டியலா என்று அப்போதே சந்தேகம். (ஆடாமல் இருந்தேனா என்று கேட்காதீர்கள்.)

‘ஊர்வசி’யைக் கேட்டு “இதெல்லாம் ஒரு பாட்டாடா?” என்ற பெரியப்பா, 2014-இல் அமெரிக்க ராப் பாடகர் வில்.ஐ.யாம் அதே மெட்டை எடுத்துப் பிரிட்டனில் முதலிடம் பிடித்ததும், “நம்ம ரகுமானாக்கும்!” என்று மீசையை முறுக்கினார். வர்க்கிக்கு ‘க்ருவசான்’ என்று சீட்டு ஒட்டி மூணு மடங்கு விலை வைக்கும் எங்கள் தெரு பேக்கரிக்காரருக்கு இந்தச் சூட்சுமம் எப்போதோ தெரியும்.