செம்பாசிக்கும் பசிக்கும்!

உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களிடமிருந்து வந்த கடிதங்கள் இந்த முறை ஒரே நிறம். கேள்வி கேட்டவர்கள் எல்லோரும் சிவப்புக் கடற்பாசியில் கை நனைத்தவர்கள், அல்லது நனைக்கத் துடிப்பவர்கள்.

உலகமே பாசியைச் சுரண்டி எறிகிறது. நீங்கள் அதைக் காசு கொடுத்து வாங்கச் சொல்கிறீர்களே? (கோவை வாசகர்)

சுரண்டி எறிவது, கண்ணாடியில் படியும் பச்சைப் படலத்தையும் பாறையில் தொங்கும் மயிர்ப்பாசியையும். நான் வாங்கச் சொல்வது கிளையும் மடலுமாக வளரும் பெரிய பாசிகளை: கொப்பும் கிளையுமாகப் பிரியும் கிராசிலேரியா, அகன்ற மடல் விரிக்கும் ஹாலிமீனியா, தொட்டிக்காரர்கள் ‘சிவப்புத் திராட்சை’ என்று அழைக்கும் போட்ரியோகிளேடியா. மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் இவை உறிஞ்சித் தம் உடம்பாக்கிக்கொள்ளும். வளர்ந்ததை நீங்கள் வெட்டி எடுக்கும்போது கழிவும் கூடவே தொட்டியை விட்டு வெளியேறுகிறது.

இது கடைக்காரர் சொல்லும் காரணம். என் காரணம் வேறு. நீரோட்டத்தில் ஹாலிமீனியாவின் மடல் ஒன்று புரண்டு திரும்புவதைப் பாருங்கள். பவளத்துக்காகத் தொட்டி வைத்தவர்கள் பலர் பாசிக்காக அதன் முன் நாற்காலி போட்டது அப்படித்தான்.

கடையில் ரத்தச் சிவப்பாக இருந்தது, வீட்டுக்கு வந்ததும் கறுத்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா? (சென்னை வாசகி)

கடைக்காரரை விட்டுவிடுங்கள், விளக்கைப் பிடியுங்கள். பவளத் தொட்டிகளுக்கான எல்.இ.டி. விளக்குகளில் நீலம் தூக்கலாக இருக்கும். சிவப்பு நிறம் தெரிய வேண்டுமென்றால் பாசி மீது சிவப்பு ஒளி விழுந்து திரும்ப வேண்டும். விழாத ஒளி எப்படித் திரும்பும்? செம்பாசியிலுள்ள பைக்கோஎரித்ரின் என்ற நிறமி, நீலப்பச்சையிலிருந்து பச்சை வரையிலான ஒளியை விழுங்கி வாழ்வதற்கென்றே அமைந்தது. கடல்நீர் சிவப்பு ஒளியை மேலடுக்கிலேயே உறிஞ்சிவிடும். ஆழத்துக்குப் போய்ச் சேருவது நீலமும் பச்சையும்தான். அதைக்கொண்டே பிழைக்கத் தெரிந்ததால், பஹாமாஸ் கடலில் 268 மீட்டர் ஆழத்தில்கூடச் செம்பாசி இனம் ஒன்று பாறையில் ஒட்டி வாழ்வதை 1980-களில் நீர்மூழ்கியில் போனவர்கள் கண்டார்கள். மாலையில் ஒரு மணி நேரம் வெள்ளை விளக்கைக் கூட்டி வையுங்கள். உங்கள் சிவப்பு அங்கேயேதான் இருக்கிறது.

என் தொட்டியில் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். தண்ணீர் பளிங்கு மாதிரி. ஆனால் கிராசிலேரியா மஞ்சளாகிறது. என்ன குறை? (திருச்சி வாசகர்)

குறை அந்தப் பூஜ்யத்தில்தான் இருக்கிறது. இந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் முழுப் பக்கம் கேட்டு வாங்கினேன்.

பைக்கோஎரித்ரின் ஒரு புரதம். புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். தண்ணீரில் நைட்ரஜன் தீர்ந்துபோனால் பாசி உடனே சாவதில்லை. கையில் காசில்லாத குடும்பம் பீரோவில் இருக்கும் நகையை ஒவ்வொன்றாக அடகு வைப்பதுபோல, தன் நிறமியையே உடைத்து அதிலுள்ள நைட்ரஜனை எடுத்துச் சாப்பிடும். நிறம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இறங்கும். நீங்கள் பார்க்கும் மஞ்சள், அடகு போனது போக மிச்சம்.

கழிவை நுரையாக்கி இழுக்கும் பெரிய ஸ்கிம்மர், பாஸ்பேட்டை இழுக்கும் இரும்பு ஆக்சைடு குருணை, இரண்டும் போதாதென்று பாக்டீரியாவை வளர்க்கக் கரிமக் கரைசல். இத்தனையையும் ஓடவிட்டுப் பாசியும் வளர வேண்டும் என்றால் அது எதைச் சாப்பிடும்? குருணையை எடுத்துவிடுங்கள். மீனுக்குத் தாராளமாகத் தீனி போடுங்கள். நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.05 முதல் 0.1 பி.பி.எம். வரை இருக்கட்டும், பெரும்பாலான பவளங்களும் அதில் சௌக்கியமாக இருக்கும். இரும்பும் அயோடினும் சொட்டு அளவில் தேவைப்படும். மாதாமாதம் ஒழுங்காகத் தண்ணீர் மாற்றுபவர்களுக்குப் பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும்.

விளக்குக்கு மிக அருகில் இருந்தாலும் வெளுக்கும். ஒளி பட்ட நுனி மட்டும் வெளுத்தால் விளக்கைத் தூக்குங்கள். அடி முதல் நுனி வரை வெளுத்தால் அது பசி.

தொட்டிக்காரர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான்: பூஜ்யத்தைப் பதக்கம்போல் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மணல்மேல் சிவப்பாக விரித்தாற்போல் ஏதோ படர்கிறது, மேலே குமிழ்கள். இலவசமாகச் செம்பாசி முளைத்துவிட்டதா? (நாகர்கோவில் வாசகர்)

இல்லை. அது சயனோபாக்டீரியா. விரலால் தொட்டால் ஏடு ஏடாக உரிந்து வரும். நீரோட்டம் குறைந்த மூலையில், எச்சம் மக்கும் இடத்தில் வரும். உறிஞ்சிக் குழாயால் இழுத்துவிட்டு அந்த மூலைக்கு நீரோட்டத்தைத் திருப்புங்கள். உறவுமுறை கேட்டால் சொல்கிறேன்: செம்பாசியின் செல்லுக்குள் இருந்து ஒளியைச் சமைக்கும் உறுப்பு, ஆதியில் உள்ளே புகுந்து தங்கிவிட்ட ஒரு சயனோபாக்டீரியாவின் வழிவந்தது. இருவர் நிறத்திலும் அந்தச் சாயல் உண்டு.

அடுத்த மாதம் ராமேசுவரம் போகிறோம். கரையில் ஒரு பிடி அள்ளி வரலாமா? (மதுரை வாசகி)

கோவிலில் தீர்த்தமாடுங்கள், கடலில் காலை நனையுங்கள். அள்ளுவது மட்டும் வேண்டாம்.

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. பாம்பன் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். அந்த எல்லைக்குள் எதை எடுத்தாலும் குற்றம். பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அழகுக்காக ஒரு கல் என்று பவளக் கல்லையும் தூக்கி வராதீர்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பாசியோ ஏற்கெனவே செத்துக்கொண்டிருப்பது. தொட்டிக்குள் அழுகி, உறிஞ்சியதையெல்லாம் திருப்பிக் கொட்டும்.

அந்தக் கரையில் பாசியைப் பிழைப்பாகக் கொண்ட பெண்கள் இருக்கிறார்கள். கண்ணில் கண்ணாடி கட்டிக்கொண்டு மூழ்கிக் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்தும் எடுப்பவர்கள். உங்கள் தொட்டிக் கிராசிலேரியாவுக்குக் கஞ்சிப்பாசி நெருங்கிய சொந்தம். அவர்களுக்கு அது சோறு, நமக்கு அலங்காரம்.

இன்னொரு பக்கமும் உண்டு. கப்பாபைக்கஸ் என்ற வெளிநாட்டுச் செம்பாசி 1990-களில் மண்டபம் பகுதிக்கு வளர்ப்புக்காக வந்தது. மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்த்துப் பல குடும்பங்கள் வருமானம் பார்த்தன. அது குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்கள்மேல் படர்ந்து மூடுவதாக 2008-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒளி மறைந்தால் பவளத்துக்குச் சாப்பாடு இல்லை. ஆகவே கடலிலிருந்து தொட்டிக்கு வேண்டாம் என்று ஒருமுறை சொன்னால், தொட்டியிலிருந்து கடலுக்கு வேண்டவே வேண்டாம் என்று இருமுறை சொல்வேன். வளர்ப்பில் வந்த கிளையை நம்பகமான தொட்டிக்காரரிடம் வாங்குங்கள். மிஞ்சியதை வெயிலில் காயவைத்து மீனுக்குப் போடுங்கள்.

பச்சை நிறக் காலெர்ப்பா கிடுகிடுவென வளருமாமே. அதை விட்டு இந்த ஆமை வேகச் சிவப்பு எதற்கு? (சேலம் வாசகர்)

காலெர்ப்பா வேகமாக வளரும், அதே வேகத்தில் காலை வாரும். இனப்பெருக்க வேளை வந்துவிட்டால் உடம்பிலுள்ளது அத்தனையையும் இனச்செல்களாக மாற்றித் தண்ணீரில் விட்டுவிட்டு வெறும் வெள்ளைத் தோலாக நிற்கும். காலையில் எழுந்தால் தொட்டி பால் கலங்கல்.

அதன் ஒரு வகையான காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா 1984-இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழேயிருந்த கடலில் முதன்முதலாகக் காணப்பட்டு, மத்தியதரைக் கடலின் பல கரைகளுக்குப் பரவியது. 2000-இல் கலிபோர்னியாவில் தலைகாட்டியபோது, அங்கே அதை ஒழித்து முடிக்க 2006 ஆயிற்று. கிராசிலேரியா மெதுவாகத்தான் வளரும். ஆனால் ஒரே இரவில் கைவிடாது.

சம்ப்பில் பாசிக்கு இரவில் விளக்குப் போடச் சொல்கிறார்கள். பாசிக்கு நைட் ஷிப்டா? (தூத்துக்குடி வாசகர்)

ஆமாம், சம்பளம் கார்பன் டை ஆக்சைடு. மேல்தொட்டியில் விளக்கணைந்ததும் எல்லா உயிரும் அதை வெளிவிட, தண்ணீரின் பி.எச். இறங்கும். அந்நேரம் கீழே சம்ப் என்ற துணைத்தொட்டியில் பாசி அதை எடுத்துக்கொண்டால் இறக்கம் குறையும்.

ஆசையாகக் கட்டி வைத்த பாசியை டாங் மீன் ஒரே நாளில் தின்று தீர்த்தது. (பெங்களூர் வாசகி)

அதன் ருசியில் குற்றமில்லை. டாங், முயல்மீன், கடல்முள்ளெலி மூன்றுமே செம்பாசிப் பிரியர்கள். பாசியை சம்ப்பில் வளர்த்து, வெட்டியதை மட்டும் மேலே அனுப்புங்கள்.

என் பாசி குட்டி போடுமா? (ஒன்பதாம் வகுப்பு மாணவர், வேலூர்)

கேள்வி சின்னது, விஷயம் பெரியது. செம்பாசியின் ஆண் செல்லுக்கு வால் கிடையாது, நீந்தத் தெரியாது. தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் உண்டு என்றே வெகுகாலம் நினைத்தார்கள். 2022-இல் பிரான்சின் ரோஸ்காஃப் கடல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர்கள் வேறொன்றைக் காட்டினார்கள். ஐடோட்டியா என்ற சிறு ஓட்டுயிரி, கிராசிலேரியாவின் மேல் படியும் நுண்பாசியை மேய்ந்துகொண்டே ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. போகும்போது ஆண் செல்கள் அதன் உடம்பில் ஒட்டிப் பெண் செடியைச் சேர்கின்றன. பூவுக்கு வண்டு செய்யும் வேலையைக் கடலுக்குள் ஓர் ஓட்டுயிரி செய்கிறது! சுமார் 105 கோடி ஆண்டுப் பழமையான செம்பாசிப் புதைபடிவம் கனடாவில் கிடைத்திருக்கிறது. பூக்களெல்லாம் மிகப் பின்னால் வந்தவை.

உன் தொட்டியில் பெருக்கம் இதைவிட எளிது. ஆரோக்கியமான கிளை ஒன்றை வெட்டி, தங்கூசி நரம்பால் கல்லோடு கட்டி, மிதமான நீரோட்டத்தில் வை. வெப்பம் 24 முதல் 27 டிகிரி. கோடையில் தண்ணீர் 30-ஐத் தாண்டினால் பாசி நிறம் மாறிக் கரையும். மேலே ஒரு மின்விசிறி பூட்டச் சொல், ஆவியாகும் அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்று.

வளர்ந்ததை வெட்டிக் கஞ்சி காய்ச்சலாமா? (கீழக்கரை வாசகி)

உங்கள் ஊர்க்காரர் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். கிராசிலேரியாவில் இருக்கும் அகர்தான் நோன்புக் காலத்தில் உங்கள் வீட்டில் பால் ஊற்றி உறையவைக்கும் கடல்பாசி. 1880-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி, ஆய்வகக் கிண்ணத்தில் ஜெலட்டின் உருகுகிறதே என்று தவித்த கணவருக்குத் தன் சமையல் அனுபவத்திலிருந்து அகரை எடுத்துக் கொடுத்தார். உலகத்துக் கிருமி ஆய்வகங்கள் இன்றும் அதில்தான் ஓடுகின்றன.

ஆனால் தொட்டிப் பாசி வேண்டாம். மீனுக்குப் போட்ட மருந்தும் செம்பும் பிற உலோகங்களும் அதில் சேர்ந்திருக்கும். கஞ்சிக்குக் கடையில் வாங்குங்கள். வெட்டியது டாங்குக்கு.