டிராயிங் பீரியடும் பேஜ்மேக்கரும்

எண்பதுகளில் செங்கோட்டையில் நாங்கள் படித்தபோது கிராபிக் டிசைன் என்ற பெயரே காதில் விழுந்ததில்லை. ஆனால் அந்தத் தொழிலின் அடிப்படை டிராயிங் பீரியடிலேயே கிடைத்துவிட்டது. சார் எங்களை அரசு தொழில்நுட்பத் தேர்வு எழுத வைப்பார். முதலில் லோயர், பிறகு ஹையர். மேசைமேல் குடத்தையும் பெட்டியையும் வைத்து வரையச் சொல்வார். கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உயரத்தையும் அகலத்தையும் அளக்கப் பழகினோம்.

சாயங்காலம் பஜாரில் போர்டு எழுதும் அண்ணாச்சியிடம் எடுபிடி வேலை. சாக்பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினால் தகரத்தில் நேர்கோடு விழும். ‘குற்றாலம்’ என்று எழுத எவ்வளவு இடம் வேண்டும், ‘ற்’ மேல் புள்ளி எங்கே உட்காரும், ‘கு’வின் சுழி கீழ்வரியை இடிக்காமலிருக்க எவ்வளவு தள்ள வேண்டும் என்பதெல்லாம் அவர் கையைப் பார்த்தே பிடிபட்டது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் இது. மலையாளமும் எழுதச் சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. இரண்டு எழுத்தும் ஒரே பலகையில் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்க வேண்டும். அதைவிட நல்ல வடிவமைப்புப் பாடம் எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை.

கோவில்பட்டியில் ஓவியர் கொண்டையராஜு சீடர்களைப் பழக்கியதும் இப்படிக் கூடவே வைத்துக்கொண்டுதான். அவர்கள் தீட்டிய சாமி படங்கள் சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகி நாடெங்கும் போயின.

பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. பிரஷ் பிடித்தவர்கள் வேறு பிழைப்பு தேடினார்கள்.

இன்று பிள்ளைகள் கையில் கருவிக்குக் குறைவில்லை. 2011இல் விலையில்லா மடிக்கணினி வந்தது. 2019இல் வந்த பிளஸ் டூ ‘கணினிப் பயன்பாடுகள்’ புத்தகத்தில் பக்க வடிவமைப்புக்கே பாடம் இருக்கிறது. பத்தி பிரிப்பதும் ஓரம் விடுவதும் பள்ளிப் பாடமானதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் அந்தப் புத்தகம் கற்றுத்தரும் பேஜ்மேக்கர் மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதைப் படிக்கும் பிள்ளைகள் அப்போது பிறந்துகூட இருக்கமாட்டார்கள். வேலை கேட்டு ஃபிளெக்ஸ் கடைக்குப் போனால் அங்கே ஓடுவது கோரல்டிராவும் போட்டோஷாப்பும்.

மென்பொருளை ஒரு கோடை விடுமுறையில் கற்றுக்கொள்ளலாம். கண் பழகத்தான் வருஷங்கள் பிடிக்கும். அந்தப் பழக்கத்தைத் தரும் ஓவிய ஆசிரியரைத்தான் நாம் பகுதிநேரமாக்கிவிட்டோம். ஓவியம், தையல், கணினி, உடற்கல்வி போன்ற பாடங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பேரை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். சம்பளம் பின்னால் கூடியது.

ஒன்பதாம் வகுப்பிலேயே ஓவிய ஆசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரே அறையில் நின்று பாடம் எடுக்க வேண்டும். பிள்ளைகள் ஆண்டுவிழா அழைப்பிதழை முதலில் பென்சிலால் தாளில் கட்டட்டும்; எழுத்தையும் இடைவெளியையும் சார் திருத்திய பிறகு திரைக்குப் போகட்டும். சிவகாசி பக்கத்து மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு நாள் பஸ் பிடித்துப் போய், மெஷினிலிருந்து நான்கு நிறமும் சேர்ந்து தாள் வெளிவருவதைப் பார்த்துவிட்டு வரட்டும். இதற்குப் புதுத் திட்டம் எதுவும் வேண்டாம். ஓவிய ஆசிரியருக்கு முழுநேர வேலையும் முழுச் சம்பளமும் கொடுத்தால் போதும்.