சின்ன கார், பெரிய காலிபர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (ஓர் இளைஞர், தண்டையார்பேட்டை): அண்ணே, பழைய ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். பெரிய காரிலிருந்து கழற்றிய காலிபரும் டிஸ்க்கும் புதுப்பேட்டையில் செட்டாகக் கிடைக்கின்றன. போட்டால் வண்டி சீக்கிரம் நிற்குமா?

பதில்: நிற்காது, தம்பி. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் பிரேக்கை ஒரு முறை முழுசாக மிதித்துப் பாருங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்கிறதா? அல்லது ஏபிஎஸ் வேலை செய்து பெடல் காலடியில் தடதடக்கிறதா? இரண்டில் எது நடந்தாலும், தீர்ந்துபோனது டயரின் பிடி. காலிபரின் பலம் இன்னும் மிச்சம் இருக்கிறது. காலிபர் சக்கரத்தை நிறுத்தும். வண்டியை நிறுத்துவது டயர். எனவே முதல் செலவு டயருக்கு.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் பளிச்சென்று இருந்தாலும், ஆறு வருட வெயில் தின்ற ரப்பர் இறுகிப்போயிருக்கும். 1946ல் திருவொற்றியூரில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பின்னாளில் அதே ஊரில்தான் டயர் செய்தது. டயர் ஊர்க்காரர்கள் நாம். அந்த நான்கு இலக்கத்தை நாமே படிக்காவிட்டால் எப்படி?

கேள்வி (கொருக்குப்பேட்டை): அப்படியானால் ரேஸ் கார்களில் ஏன் அவ்வளவு பெரிய பிரேக்?

பதில்: சூட்டுக்காக. பிரேக் என்பது வண்டியின் ஓட்டத்தைச் சூடாக மாற்றும் கருவி. அந்தச் சூட்டைத் தாங்கி, காற்றில் விடும் சக்திதான் பெரிய டிஸ்க்கின் லாபம். 1953ல் லீ மான் 24 மணி நேரப் பந்தயத்தை டன்லப் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் ஜெயித்ததற்கு முக்கியக் காரணம், டிரம் பிரேக் வண்டிகள் சூட்டில் தளர்ந்தபோதும் அதன் பிரேக் கடைசி வரை தளராததுதான்.

நம் கணக்கைப் போடுவோம். ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள சின்ன கார், 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 125 கிலோஜூல் சூடாகிறது. அதில் 70 சதவீதத்தை முன்பக்கம் ஏற்கிறது, டிஸ்க் ஒன்று நாலரை கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை நிற்கும்போது டிஸ்க் ஏறத்தாழ 20 டிகிரிதான் கூடுதலாகச் சூடாகும். அடுத்த சிக்னலுக்குள் அதில் பெரும்பகுதி ஆறிவிடும். ராயபுரம் பாலத்திலிருந்து திருவொற்றியூர் தேரடி வரை நெரிசலில் போகிறவருக்குக் கம்பெனி டிஸ்க்கே தாராளம்.

மலை வேறு. அதே கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது, கியரில் பிடிக்காமல் பிரேக்கிலேயே இறங்கினால், 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நூறு முறை நின்ற அளவு சூடு சேரும், அதுவும் ஆற நேரம் இல்லாமல். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளிலும் சமவெளி ஓட்டுநர்கள் தடுமாறுவது இதனால்தான். அங்கேயும் முதல் மருந்து இரண்டாவது கியர். காலிபர் அப்புறம்.

கேள்வி (வியாசர்பாடி): காலிபர் பிஸ்டன் பெரிதானால் லேசாக மிதித்தாலே போதும் என்கிறார் மெக்கானிக். சரியா?

பதில்: பாதி சரி. மீதிப் பாதியில்தான் ஆபத்து.

பிஸ்டன் 48 மில்லிமீட்டரிலிருந்து 54 ஆனால், அதன் பரப்பு சுமார் 27 சதவீதம் கூடும். அதே அழுத்தத்தில் பேடு அந்த அளவுக்குக் கூடுதலாக இறுக்கும். ஆனால் அந்தப் பெரிய பிஸ்டனைத் தள்ள அந்த அளவுக்குக் கூடுதல் பிரேக் ஆயிலும் வேண்டும். ஆயிலைத் தள்ளுவது உங்கள் பழைய மாஸ்டர் சிலிண்டர். அதன் அளவு மாறவில்லை. விளைவு, பெடல் ஆழமாகப் போகும். பேடு தேயத் தேய, டிஸ்க் கொஞ்சம் ஆடினால்கூட, இன்னும் கீழே போகும். ‘பெடல் கீழே போகுது’ என்று வண்டியைத் திரும்பக் கொண்டு வருகிறவர்களுக்கு மெக்கானிக்குகள் ஏர் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். பைப்பில் காற்றே இருக்காது, கணக்குத்தான் தவறியிருக்கும்.

இன்னொன்று முன்-பின் பங்கு. பிரேக் போட்டதும் வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. எவ்வளவு சாயும், பின்சக்கரத்துக்கு எவ்வளவு அழுத்தம் விடலாம் என்று கம்பெனி கணக்குப் பார்த்துத்தான் பின் டிரம்மையும் வால்வையும் அமைத்திருக்கிறது. முன்பக்கத்தை மட்டும் பலமாக்கினால், பின்பக்கம் தன் பங்கைச் செய்வதற்குள் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஏபிஎஸ் இல்லாத வண்டியானால் அப்போது ஸ்டியரிங்கும் பேச்சைக் கேட்காது. பணம் கொடுத்து, நிற்கும் தூரத்தையும் கூட்டிக்கொண்ட கதையாகிவிடும். நால்வர் சுமக்கும் பல்லக்கில் முன்னவர்கள் இருவரை மட்டும் பயில்வான்களாக மாற்றிப் பயனில்லை.

மாற்றியே தீர வேண்டும் என்றால் ஒரே நல்ல வழி உண்டு. அதே மாடலில் அதிக சக்தி எஞ்சினோடு கம்பெனியே விற்ற வகை ஒன்று இருந்தால், அதன் காலிபர், பிராக்கெட், டிஸ்க், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் எல்லாவற்றையும் ஒரு குடும்பமாக எடுங்கள். உங்கள் ரிம்முக்குள் காலிபர் உட்காருகிறதா என்று கழற்றுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். 14 அங்குல ரிம் பல ஆசைகளை அங்கேயே முடித்துவைக்கும்.

கேள்வி (மணலி): பின் டிரம்மைக் கழற்றி டிஸ்க் போடலாமா?

பதில்: வேண்டாம். அந்த டிரம்மில்தான் வேலை செய்யும் ஹேண்ட் பிரேக்குக்கு என்ன செய்வீர்கள்? 2017ல் வந்த பலேனோ ஆர்எஸ் பின் டிஸ்க்கோடு வந்தது என்பார்கள்; உண்மைதான். அது அப்படியே வடிவமைத்து வந்தது.

கேள்வி (பெரம்பூர்): என் காரில் ஏபிஎஸ் உண்டு. அது எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளாதா?

பதில்: 2019 ஏப்ரலிலிருந்து புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம். நல்ல சட்டம். சக்கரம் பூட்டுவதை அது தடுக்கும், ஆனால் அழுத்தத்தை எவ்வளவு விட்டு எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதைப் பழைய காலிபருக்காகக் கற்றுவந்திருக்கிறது. புது அளவை அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கேள்வி (ராயபுரம்): ஆர்டிஓ பிடிப்பாரா?

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. இன்ஷூரன்ஸ்காரர்களிடம் எழுத்தில் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். விபத்து நடந்த பிறகு அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது கடினம்.

கேள்வி (திருவொற்றியூர்): கடற்கரையை ஒட்டிய தெருவில் வண்டி நிற்கிறது. பிரேக் போட்டால் இடது பக்கம் இழுக்கிறது. பெரிய காலிபர் போட்டால் சரியாகுமா?

பதில்: இருக்கிற காலிபரே பாதிதான் வேலை செய்கிறது, ஐயா. வலது பக்கம் சரியாகப் பிடிக்காததால்தான் இடது பக்கம் இழுக்கும். வலது சக்கரத்தைக் கழற்றி இரண்டு பேடுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்பேடு காகிதமாகத் தேய்ந்து, வெளிப்பேடு கனமாகவே இருந்தால், ஸ்லைடு பின் ஜாம். நம் சின்ன கார்களின் காலிபரில் ஒரு பக்கம்தான் பிஸ்டன். அது உள்பேடை அமுக்கியதும், காலிபர் முழுவதும் இரண்டு பின்களின் மேல் நழுவி வெளிப்பேடை இழுத்துவர வேண்டும். ரப்பர் பூட்டில் மயிரிழை கிழிசல் இருந்தாலும் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை வீசும் உப்புக் காற்று உள்ளே போய்விடும். பின்னை உருவினால் பழுப்புத் துருவும், கல்லாக இறுகிய கிரீஸும் வரும்.

நைசான எமரி பேப்பரால் தேய்த்து, பூட்டை மாற்றி, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸைத் தடவுங்கள். பின் அரித்திருந்தால் புதிது போடுங்கள். பேரிங் கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவாதீர்கள்: பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் உப்பிவிடும், இரண்டு மாதத்தில் மறுபடி ஜாம். கடலோரத்துக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்ததும் இதைச் செய்யுங்கள். நம் பகுதியில் இதைவிடப் பலன் தரும் பிரேக் வேலை வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி (எர்ணாவூர்): 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த நீரில் கார் நின்றது. அப்போது கழுவி எடுத்தோம். பின் பிரேக் இன்றும் சரியாகப் பிடிப்பதில்லை.

பதில்: அந்த மிக்ஜாம் வாரத்தில் எண்ணூர்க் கழிமுகமும் கரையோர வீடுகளும் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் மனம் ஆறாது. உங்கள் காரைப் பொறுத்தவரை, எண்ணெய் ஊறிய லைனிங்கைக் கழுவியோ சுட்டோ மீட்க முடியாது. பிரேக் ஷூ இரண்டு பக்கமும் புதிது, வீல் சிலிண்டர் ரப்பர் கிட் புதிது, டிரம்மை பிரேக் கிளீனரால் துடையுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மறுபடி இழுக்கும். பிரேக் ஆயிலையும் முழுசாக மாற்றுங்கள்.

கேள்வி (புது வண்ணாரப்பேட்டை): பிரேக் ஆயில் டாட் 3ஆ, 4ஆ?

பதில்: மூடியில் எழுதியிருப்பது. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140ஆக இறங்கலாம். டாட் 4க்கு அந்த எண்கள் 230, 155. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். சிலிக்கான் வகையான டாட் 5ஐ மட்டும் இவற்றோடு கலக்கவே கூடாது.

கேள்வி (எண்ணூர்): ஜீரோ கேட் பக்கம் கன்டெய்னர் ட்ரெய்லர்களுக்கு நடுவில் தினமும் ஓட்டுகிறேன். அதற்காகவாவது பிரேக்கைக் கூட்ட வேண்டாமா?

பதில்: நீங்கள் சட்டென்று நின்றுவிடுவீர்கள். பின்னால் வரும் ட்ரெய்லர்? ஏர் பிரேக்கில் காற்று கடைசிச் சக்கரம் வரை போய்ச் சேர ஒரு கணம் பிடிக்கும், அதற்கு மேல் சுமையின் கனம். முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும் இரண்டு விநாடி இடைவெளி விடுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 22 மீட்டர். பின்னால் ட்ரெய்லர் ஒட்டி வந்தால் இன்னும் கூட்டுங்கள், மெதுவாகவே பிரேக் பிடிக்க இடம் கிடைக்கும். உங்கள் பிரேக் லைட் இரண்டும் எரிகிறதா என்று இன்று இரவே பாருங்கள்.

கேள்வி (திருவொற்றியூர், மாணவி): பிரேக் தொழிலில் சென்னைக்கு இவ்வளவு பெயர் எப்படி?

பதில்: 1948ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 என்ற சின்ன காரைத்தான் முதலில் பூட்டியது, நான்கு சக்கரத்திலும் டிரம். கார், லாரி இங்கே பிறந்ததும் பாகம் செய்பவர்கள் சுற்றி முளைத்தார்கள். 1962ல் பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும், ஏர் பிரேக்குக்காக சுந்தரம் கிளேட்டனும் வந்தன. 1964ல் ரானே பிரேக் லைனிங். சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998ல் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது, இந்தியாவில் முதலாவதாக. இத்தனை பேர் அளந்து செய்ததைக் கழற்றி எறிவதற்கு முன் ஒரு முறை யோசிக்கச் சொல்லி உங்கள் அண்ணன்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி (மறுபடியும் தண்டையார்பேட்டை இளைஞர்): சரி அண்ணே, காலிபருக்குச் சிவப்பு பெயிண்டாவது அடிக்கலாமா?

பதில்: தாராளமாக. சூடு தாங்கும் காலிபர் பெயிண்ட் வாங்குங்கள். டிஸ்க், பேடு உட்காரும் இடம், ஸ்லைடு பின், பிஸ்டன் பூட், ஏர் எடுக்கும் நிப்பிள் ஐந்தையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள். எப்படியும் சக்கரத்தைக் கழற்றத்தான் போகிறீர்கள். அப்போதே பின்னுக்கும் கிரீஸ் தடவிவிடுங்கள்.