காருள் கார் புகல்: ஒரு புணர்ச்சி இலக்கணம்

கார் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். ஒன்று மழைமேகம், மற்றொன்று மாதத் தவணையில் வாங்கிய நான்கு சக்கர ஊர்தி. முன்னது பின்னதற்குள் இறங்குவதால் மின்கருவிகளில் உண்டாகும் மாறுதல்களே இங்கு ஆராயப்படும் பொருள். ஆவணி, புரட்டாசியாகிய கார்காலத்தில் நிகழ்வதே இதற்கு முறை. சென்னையிலோ பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையாகிய கூதிர்காலத்தில் நிகழ்கிறது. வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு இதைக் காலவழுவமைதி எனக் கொள்க.

வரவு

புகும் நீர் கீழ்நீர், மேல்நீர் என இருவகைப்படும். கீழ்நீர் தெருவில் தேங்கிக் கதவின் அடிவழியே ஏறுவது. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் இதற்குச் சான்று. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றது இந்நீருக்கு அஞ்சியே. மேல்நீர் மேம்பாலத்திலும் பெய்யும்.

மேல்நீரின் தலைவாயில், முன்கண்ணாடிக்கு அடியில் வைப்பர்கள் முளைக்கும் பள்ளம். கண்ணாடியில் வழியும் மழை அங்கே விழுந்து, ஓரத்துத் துளைகள் வழியே தரைக்குப் போக வேண்டும். நிழலுக்காக வேப்பமரத்தடியில் நிறுத்திய காரில் அத்துளைகளை இலை அடைத்திருக்கும். பள்ளம் நிரம்பினால், ஏசிக்குக் காற்று இழுக்கும் வழியாக நீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கும். சன்ரூஃபின் வடிகுழாய், கதவின் ரப்பர் பீடிங், பின்விளக்கின் கேஸ்கெட், ஏரியலின் அடி ஆகியவை எஞ்சிய வாயில்கள். வெயில் நாளிலும் முன்னிருக்கைக் காலடி நனைந்திருந்தால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கக்கூடும்; அதில் வானத்துக்குப் பங்கில்லை.

புணர்ச்சி

வயர் நிலைமொழி, நீர் வருமொழி. தூய நீர் மின்சாரத்தை மிகச் சிறிதே கடத்துமாதலால் அது சேர்வது ஏறக்குறைய இயல்பு புணர்ச்சி. தெரு நீரும், கூரைத் தூசியைக் கரைத்துக்கொண்டு வரும் நீரும் உப்பு உடையவை. அவை சேர்ந்தால் விகாரம். விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று என்பது நன்னூல் வகுப்பு. அது வயரிங்குக்கும் ஒரு திருத்தமின்றிப் பொருந்துகிறது.

தோன்றல்: இல்லாதது வருவது. இரவு இரண்டு மணிக்கு அடுக்ககத்தின் அடித்தளத்தில் ஆளில்லாத கார் ஹாரன் அடிப்பது இவ்வகை. பல கார்களில் ஹாரன் பொத்தான் செய்யும் வேலை, ரிலேயின் சுருளுக்கு எர்த் கொடுப்பது மட்டுமே. கப்ளரில் தேங்கிய நீரும் அதைக் கொடுக்க வல்லது. விரல் எது, நீர் எது என்று ரிலேவுக்குத் தெரியாது. மூன்றாம் மாடிக்காரருக்கும் தெரியாது. அவர் உரிமையாளரையே குறை சொல்வார்.

திரிதல்: ஒன்று மற்றொன்றாவது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். பின்விளக்கின் பல்புகளுக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே எர்த் வயர்தான். அந்த இணைப்பு பழுதானால், பிரேக் பல்புக்கு வந்த மின்சாரம் பக்கத்து இண்டிகேட்டரின் இழை வழியே திரும்பிப் போகப் பார்க்கும். போகிற போக்கில் அதையும் எரியவிடும். பின்னால் வருபவர் கார் திரும்பப்போகிறது என்று ஒதுங்குவார்.

கெடுதல்: உள்ளது போவது. பவர் விண்டோ இறங்கும், ஏறாது; மழை விடும்வரை ஏறாது. பேட்டரியும் இவ்வகையில் அடங்கும். ஈரம் பட்ட இடத்தில் ஓர் ஆம்பியர் கசிந்தால், 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றரை நாளில் காலி. சனிக்கிழமை நிறுத்திய காரில் திங்கள் காலை செல்ஃப் எடுக்காததன் காரணம் இதுவே.

இம்மூன்றும் நனைந்த அன்றே வருவதில்லை. மேலே மேட் உலர்ந்திருக்க, கார்ப்பெட்டுக்கு அடியிலுள்ள ஸ்பாஞ்ச் வாரக்கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். பல கார்களில் கதவோர வயரிங் அதன் மேல்தான் படுத்திருக்கிறது. ஈரத்தில் மின்சாரம் ஓட, பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைந்து பச்சைக் களிம்பாகும். செம்பும் களிம்பும் சைவ சித்தாந்தத்தில் உயிருக்கும் ஆணவ மலத்துக்கும் உவமை. அங்கே களிம்பு அநாதி. இங்கே போன தீபாவளி மழையில் வந்தது.

உரைவேறுபாடு

இப்பொருளில் உரையாசிரியர் மூவர். காவலாளி உரை: “வெயில்ல நிக்கட்டும் சார், தானா சரியாயிடும்.” நீர் போகும், களிம்பு போகாது என்பதால் இது பாதி உண்மை. பக்கத்து வீட்டார் உரை: “பேட்டரியக் கழட்டி மாட்டுங்க.” டேஷ்போர்டின் எச்சரிக்கை விளக்கு சிறிது நேரம் அணைவதால் இவ்வுரைக்குச் செல்வாக்கு அதிகம். ஆட்டோ எலக்ட்ரீஷியன் உரை ஒரே சொல்: “எர்த்து.” பெரும்பான்மை வழக்கு இதன் பக்கம்.

பரிகாரம்

நீர் இருக்கை வரை ஏறிய காரில் சாவியைத் திருப்பலாகாது. இழுத்துச் செல்வதே முறை. பிறவற்றில் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். பாடி முழுவதும் நெகட்டிவ் ஆதலால், பாசிட்டிவை முதலில் தொடும் ஸ்பானர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். பின் கார்ப்பெட்டைத் தூக்கி, வாக்குவம் கொண்டு நீரை உறிஞ்சி, மின்விசிறி வைத்து உலர்த்துக. இருக்கைக்கு அடியிலுள்ள மஞ்சள் கப்ளர் ஏர்பேக்குக்கு உரியது. அதில் கை வைக்கலாகாது. மற்றக் கப்ளர்களைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, மென்பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். உப்புத்தாள் கூடாது, களிம்போடு பின்னின் பூச்சும் போய்விடும். எர்த் போல்ட்டும் அது அமரும் தகடும் உப்புத்தாளுக்குத் தகும்.

ஃபியூஸ் போனால் அதே நிறத்து ஃபியூஸே போட வேண்டும்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகும் மரபில், ஃபியூஸுக்குப் பதில் வயரிங் எரியும். நனைந்த கைப்பேசியை அரிசிப் பானையில் புதைக்கச் சொல்லும் மரபு, காருக்கு எந்த அரிசி ஆலையைப் பரிந்துரைக்கிறது என்பது விளங்கவில்லை.

முடிபு

மேல்நீரால் வரும் விகாரங்களில் பெரும்பகுதி இறுதியில் எர்த்தில் முடிகிறது. அவற்றில் பல, துளையை அடைத்த ஓர் இலையில் தொடங்குகின்றன. ஐப்பசி பிறக்குமுன் பானெட்டைத் திறந்து அந்த இலையை எடுக்க இரண்டு விரல் போதும். எடுத்தபின் ஒரு குவளை நீரை அப்பள்ளத்தில் ஊற்றிப் பார்க்கவும். நீர் காருக்கு அடியில் வெளியே விழ வேண்டும்.